பங்குனி இருபது

சிவமயம்

அண்ணாமலைநகர்
6-7-1969

அன்புள்ள பெத்தாச்சிக்கும் மெய்யம்மைக்கும் ஆத்தா எழுதிக்கொண்டது. நான் இங்கு சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வைரவர் துணை. மெய்யம்மைக்கு இருமல் நின்றதா? சின்னாத்தாளிடம் மிளகுப்பால் கேட்டு வாங்கிக் குடி. பெத்தாச்சி, திருச்சி வெயிலில் அலைந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி.

மூன்றாம் வருஷம் தொடங்கிவிட்டது. இந்த முறை மாடியில் அறை. கூட இருப்பவள் மலையம்மாள், சிவகங்கைப் பக்கத்துப் பெண், சரித்திரம் படிக்கிறாள், வயது பத்தொன்பது. தினமும் காலையில் “ஆச்சி, எந்திரிங்க, வெந்நி தீரப்போவுது” என்று போர்வையை இழுக்கிறாள். கல்யாணமாகி உங்கள் அப்பச்சியோடு இருந்தபோதுகூட என்னை யாரும் எழுப்பியதில்லை. நான்தான் எல்லாரையும் எழுப்பியிருக்கிறேன்.

முதல் நாள் வகுப்பில் ஒரு வேடிக்கை. புது லெக்சரர், இருபத்தாறு வயதிருக்கும். என்னைப் பார்த்து, “அம்மா, பிள்ளையைப் பார்க்கணும்னா ஆபீஸ்ல உக்காருங்க” என்றார். “நான் இங்கதான் சார் உக்காரணும்” என்றேன். வகுப்பே சிரித்தது. பிறகு போர்டில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, “ஆச்சிக்குப் புரிஞ்சுதா?” என்று கேட்டார். “மூணாவது வரியில கூட்டல் குறி வரணும் சார்” என்றேன். பார்த்தார். அழித்தார். பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

மெய்யம்மை, படித்ததும் கடிதத்தை அண்ணனுக்கு அனுப்பிவிடு.

உங்கள் ஆத்தா
சிட்டாள்


திருச்சி
19-7-1969

ஆத்தாளுக்குப் பெத்தாச்சி வணக்கம். நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஆறாம் தேதி எழுதிய கடிதம் கோட்டையூர் போய், மெய்யம்மை படித்து, சின்னாத்தா படித்து, நேற்று என்னிடம் வந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரே கடிதத்தில் இரண்டு பிள்ளைகளையும் முடித்துவிடுகிறீர்கள். அதிலும் நான் இரண்டாவது.

லெக்சரரின் குறி தவறியதைப் படித்தேன். போர்டில் தவறினால் டஸ்டர் இருக்கிறது. இங்கே மெஷின் ஷாப்பில் ஒரு குறி தவறினால் நாற்பது கிலோ இரும்பு குப்பைக்குப் போகும், என் பெயர் மேனேஜர் மேஜைக்குப் போகும். யாரும் மேஜையைத் தட்டமாட்டார்கள். உங்களை மலையம்மாள் எழுப்புகிறாள். என்னைக் கம்பெனிச் சங்கு எழுப்புகிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர், “ஆத்தா யுனிவர்சிட்டியில படிக்கிறாகளாமே! நீ என்னப்பா படிச்சே?” என்றார். டிப்ளமா என்றேன். “ஓ” என்றார். அந்த “ஓ” எனக்குப் பிடிக்கவில்லை.

மனதில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாது எனக்கு. 1964-ல் நீங்களும் நானும் ஒரே வருஷம் பி.யு.சி. பரீட்சை எழுதினோம். எனக்குப் பதினேழு, உங்களுக்கு முப்பத்து நாலு. பேப்பரில் உங்கள் எண் இருந்தது, என் எண் இல்லை. கணக்கில் போனேன். இன்ஜினீயரிங் காலேஜும் அதோடு போயிற்று. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடிக்கிற மூன்று வருஷமும் வீட்டில் இருந்தீர்கள். எனக்கு வேலை கிடைத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் போயிருக்க வேண்டிய ஊருக்கு நீங்கள் போனீர்கள். அதுவும் கணக்குப் படிக்க.

குற்றம் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பெத்தாச்சி


சிவமயம்

அண்ணாமலைநகர்
2-8-1969

அன்புள்ள பெத்தாச்சிக்கு,

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம். மெய்யம்மைக்குத் தனியாக எழுதிவிட்டேன். நான் சுகம். உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? கடிதத்தில் எண்ணெய்க் கறை பட்டது என்றாய். எண்ணெய் தேய்த்துக் குளி என்றதற்குப் பதில் இல்லை.

சந்திரனில் மனிதர்கள் இறங்கிய செய்தியை விடுதி ரேடியோவில் நாற்பது பேர் சேர்ந்து கேட்டோம். மலையம்மாள், “ஆச்சி, அங்குட்டுப் போனவுக எப்படித் திரும்பி வருவாக?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னேன். நீ இருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன்.

ஒரு சந்தேகம். ஸ்டாடிக்ஸில் ஏணிக் கணக்கு ஒன்று வருகிறது. வழவழப்பான சுவர், சொரசொரப்பான தரை, சாய்த்து வைத்த ஏணி. அதில் ஓர் ஆள் எவ்வளவு உயரம் ஏறினால் ஏணி வழுக்கும் என்பது கேள்வி. விடை எனக்குப் புத்தகத்தில் உள்ளபடி வரவில்லை. நீ இரும்போடும் எடையோடும் பழகுகிறவன். நேரம் இருக்கும்போது போட்டு அனுப்பு. கணக்கைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மற்றபடி நீ எழுதியதை எல்லாம் படித்தேன்.

ஆத்தா


திருச்சி
28-9-1969

ஆத்தாளுக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் ஓவர்டைம்.

ஏணிக் கணக்கை நான் போடவில்லை. கம்பெனியில் ஏணி வழுக்கினால் அடியில் சாக்கைப் போடுவோம், இல்லை ஒருவன் காலை வைத்து மிதித்துக்கொள்வான். எத்தனையாவது படியில் வழுக்கும் என்று யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. உங்கள் லெக்சரரையே கேளுங்கள். அவருக்குச் சம்பளம் அதற்குத்தான்.

இராமு சித்தப்பா எனக்குப் பெண் பார்த்திருக்கிறார். வலையபட்டி அழகுசுந்தரம் செட்டியார் மகள் உமையாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஜாதகம் பொருந்துகிறதாம். உங்களுக்கும் எழுதுவதாகச் சொன்னார். அரைப்பரீட்சை, கால்பரீட்சை என்று ஏதாவது இல்லாத நாளாகப் பார்த்து வந்து பெண்ணைப் பாருங்கள்.

பெத்தாச்சி


சிவமயம்

அண்ணாமலைநகர்
20-12-1969

அன்புள்ள பெத்தாச்சிக்கு ஆத்தாளின் ஆசிகள். சுகமாயிருக்கிறேன். மழையில் விடுதிச் சுவரெல்லாம் ஊறிக் கிடக்கிறது. மலையம்மாளுக்குக் காய்ச்சல் வந்து தேறினாள். உனக்குக் கம்பளி இருக்கிறதா?

உமையாளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு நிறைவாக இருக்கிறது. நான் கேட்டதற்கெல்லாம் தலையைக் குனியாமல் பதில் சொன்னாள். உனக்கு அப்படி ஒருத்திதான் சரி.

ஏணிக் கணக்கு வந்துவிட்டது. அறைச் சுவரில் என் குடையைச் சாய்த்து, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மலையம்மாளிடம் மேலே புத்தகங்களைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். குடை வழுக்கி அவள் காலில் விழுந்தது. “கணக்குப் படிச்சா காலு போகும்னு தெரிஞ்சுதான் நான் சரித்திரம் எடுத்தேன்” என்றாள். அப்போதுதான் நான் உராய்வைத் தவறான திசையில் போட்டிருந்தது தெரிந்தது. வார்டன் வந்து தரை ஈரத்துக்கு விளக்கம் கேட்டார்.

கடைசிப் பரீட்சைக்குத் தேதி ஒட்டிவிட்டார்கள். மார்ச் 26-ல் தொடக்கம். எனக்குப் பயமாக இருப்பது ஏப்ரல் 2, வியாழக்கிழமை, காலை பத்து மணி. அதுதான் ஸ்டாடிக்ஸ். அதில் தேறிவிட்டால் மற்றதில் தேறிவிடுவேன். ஏப்ரல் 6-ல் கடைசிப் பேப்பர்.

இதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஆத்தா


திருச்சி
4-1-1970

ஆத்தாளுக்கு,

நலம். கம்பளி இருக்கிறது.

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. பங்குனி இருபது, வியாழக்கிழமை. பெண் வீட்டில், வலையபட்டியில். தாலி கட்டும் திருப்பூட்டு ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். சித்தப்பா வைத்த தேதி. நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இங்கிலீஷ் தேதி ஏப்ரல் 2 என்று காலண்டரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பேப்பரை நீங்கள் செப்டம்பரில் எழுதிக்கொள்ளலாம். ஒரு பேப்பர் நின்றுபோனால் உலகம் முழுகிவிடாது. எனக்கு முழுகவில்லை. பிள்ளை கல்யாணம் செப்டம்பரில் மறுபடி வராது.

பெத்தாச்சி


சிவமயம்

அண்ணாமலைநகர்
15-1-1970

அன்புள்ள பெத்தாச்சிக்கு,

பொங்கல் பொங்கியதா? மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள், முந்திரியை எண்ணிப் போட்டிருந்தார்கள். நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தேதி நல்ல தேதி. பங்குனி இருபது, வளர்பிறையோ தேய்பிறையோ, நல்லபடியாக நடக்கட்டும்.

நான் யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தில் எனக்கு என்ன வேலை? உன் பக்கம் நின்று செய்ய வேண்டியதைச் செய்யச் சித்தப்பாவும் சின்னாத்தாளும் இருக்கிறார்கள். முறைப்படி அவர்கள்தான் நிற்க வேண்டும். நம் கோயில் வரிக் கணக்கில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. உங்கள் அப்பச்சி போனதிலிருந்து நான் அரைப்புள்ளி. அரைப்புள்ளியை மணமேடைக்குப் பக்கத்தில் யாரும் விடமாட்டார்கள். பதினோரு வருஷமாக எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் திருப்பூட்டு முடியும்வரை இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறேன். உன் சின்ன அத்தை கல்யாணத்தில் மேளச் சத்தத்தை வைத்துத்தான், முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

உன் கல்யாணத்திலும் அந்தக் கதவுதான். வலையபட்டியில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் சிதம்பரத்தில் உட்கார்ந்திருப்பதும் எனக்கு ஒன்றுதான். இரண்டு இடத்திலிருந்தும் உன்னைப் பார்க்க முடியாது. ஆகவே பரீட்சையை எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலம் ரயிலேறி, மாயவரத்தில் மாறினால், மறுநாள் காலை கோட்டையூர். மருமகளுக்குத் திருநீறு பூசிவிட்டு, கடைசிப் பேப்பருக்குத் திரும்பிவிடுவேன்.

ஒருவருக்கும் சிரமமில்லை.

ஆத்தா


கோட்டையூர்
1-2-1970

அன்புள்ள அண்ணனுக்கு மெய்யம்மை எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன், ஏனென்றால் கோபமாக இருக்கிறேன்.

நேற்று நான் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சின்னாத்தா நம் ஆத்தாளைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொன்னார்கள், “ஏங்க, பங்குனி இருபதுல அண்ணமிண்டிக்குப் பரீட்சையாம்ல? தையிலயே வச்சிருக்கலாமே. பெண் வீட்டுல ரெண்டு தேதியும் குடுத்தாகதானே?”

அதற்குச் சித்தப்பா, “என்னையக் கேட்டா? தை இருபத்திரெண்டு, பங்குனி இருபது, ரெண்டையும் அண்ணமிண்டிக்கும் எழுதுனேன், பெத்தாச்சிக்கும் எழுதுனேன். அவுக, ‘மாப்பிள்ளை அவன், அவன் சொல்றதுதான் தேதி’ன்னு எழுதிட்டாக. இவன் பங்குனிதான்னு தந்தி அடிச்சான். தந்தி! ஒரு கார்டு போட்டா வராதாக்கும்? தபால்காரன் தந்தின்னு கத்துனதும் யாரு போயிட்டாகளோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு.”

சித்தப்பா வைத்த தேதி என்று நீ ஆத்தாளுக்கு எழுதியதை ஆத்தா எனக்கு எழுதியிருந்தார்கள். ஆத்தாளுக்கு அப்போதே தெரியும், அண்ணா. தெரிந்தும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். இப்போது கேட்கிறேன். எதுக்கு அப்படிச் செஞ்சே?

மெய்யம்மை


திருச்சி
22-2-1970

ஆத்தாளுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

தேதியை நான்தான் வைத்தேன். டிசம்பரில் உங்கள் கடிதமும் சித்தப்பா கடிதமும் ஒரே நாளில் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் ஏப்ரல் 2, இன்னொன்றில் பங்குனி 20. காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. தந்தி ஆபீஸில் ஃபாரத்தை என் கையால் நிரப்பினேன்.

நீங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. அந்தப் பேப்பரை நீங்கள் விட வேண்டும் என்று செய்தேன். உங்கள் சர்டிபிகேட்டிலும் ஓர் ஓட்டை இருக்கட்டும், ‘இரண்டாம் முறையில் தேறியவர்’ என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். ஏணிக் கணக்கைப் போடவில்லை என்று எழுதினேனே, அது பொய். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டேன். வரவில்லை. நீங்கள் குடையை வைத்துப் போட்டுவிட்டீர்கள்.

கதவை நான் மறந்துபோனேன். இதுதான் என் மரமண்டை. நீங்கள் என் பக்கத்தில் நிற்பீர்கள், அதற்காகப் பரீட்சையை விடுவீர்கள் என்று திட்டம் போட்டேன். உங்களைப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள் என்பது என் தலையில் ஏறவே இல்லை. பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் ஏறவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் கதவு இருப்பது எங்கே தெரிகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை வலையபட்டிக்குப் போனேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குத் தனியாகப் போகும் வழக்கம் இல்லை என்று தெரியும்.

அழகுசுந்தரம் செட்டியார் பதறிப்போய், “வாங்க மாப்பிள்ளை, இங்குட்டு உக்காருங்க. என்ன, தனியா வாரீக?” என்றார்.

“தேதியை மாத்தணும்” என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, “ஸ்கூட்டர் ஏதும் நினைச்சிருக்கீகளா? நேராச் சொல்லுங்க” என்றார்.

“ஸ்கூட்டர் வேண்டாம். அன்னிக்கு எங்க ஆத்தாளுக்குப் பரீட்சை.”

“பங்குனிதான் வேணும்னு நீங்கதானே சொன்னீக?”

“ஆமா. பரீட்சைன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“தெரிஞ்சே எதுக்குச் சொன்னீக?”

“பொறாமை.”

“யாரு மேல?”

“எங்க ஆத்தா மேல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “மாப்பிள்ளை, எனக்கு அறுபத்தோரு வயசு. பங்காளி மேல பொறாமைப்பட்டவனைப் பாத்திருக்கேன், மச்சினன் மேல பொறாமைப்பட்டவனைப் பாத்திருக்கேன். பெத்தவ மேல பொறாமைன்னு வீடேறி வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்” என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சிரித்தது. “உமையா, சும்மா கிட” என்று அவளுடைய ஆத்தா அதட்டியது கேட்டது.

தேதி மாறாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுக் கோயிலிலும் கல்யாண மாலைக்குப் பதிந்தாகிவிட்டது. பினாங்கிலிருந்து அவர் தம்பி கப்பல் ஏறிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இலை போட்டார்கள், சாப்பிட்டேன், பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஆகவே நான் உடைத்ததை என்னால் ஒட்ட முடியவில்லை. பரீட்சையை எழுதுங்கள். கல்யாணத்துக்கு வர வேண்டாம். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள்.

பெத்தாச்சி


திருச்சி
8-4-1970

ஆத்தாளுக்கு,

நானும் உமையாளும் நலம். நேற்றுக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டோம். உங்கள் உடம்பு எப்படி? போன வாரம் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

பிப்ரவரிக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மூன்றாம் தேதி காலையில் வந்தீர்கள், உமையாளுக்குத் திருநீறு பூசினீர்கள், எனக்கும் பூசினீர்கள், நாலாம் தேதி போய்விட்டீர்கள். நடுவில் அறுபது பேர். “பேப்பர் எப்படி?” என்று கேட்டேன். “எழுதினேன்” என்றீர்கள். எனக்கு மௌனத்தைப் படிக்கத் தெரியாது. மைக்ரோமீட்டரில் அளக்க முடியாத எதுவும் எனக்குப் புரிவதில்லை.

மூன்று வருஷமாக நீங்கள் பார்த்ததை எல்லாம் எங்களுக்கு எழுதினீர்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை இப்போது நான் எழுதுகிறேன்.

ஒன்பதே காலுக்கு என்னை உட்கார வைத்தார்கள். புகை நேராக என் கண்ணுக்கு வந்தது. சித்தப்பா உங்கள் இடத்தில் நின்றார், வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே. சின்னாத்தா அழுதார்கள். மெய்யம்மை பட்டுப்பாவாடையில் தடுக்கி விழுந்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தாலி கோத்த கழுத்துருவைக் கையில் கொடுத்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உங்கள் கையில் வினாத்தாள் வரப்போகிறது என்று நினைத்தேன். “எங்கடா பாக்குறே, கழுத்தைப் பாரு” என்று சித்தப்பா காதைக் கடித்தார். பூட்டினேன். மேளம் கொட்டியது.

பிறகுதான் திரும்பினேன். இரண்டாங்கட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பின்னால் வெள்ளைச் சேலையில் மூன்று பேர். அதில் ஒருவர் உமையாளின் பெரியாத்தா. நான் பார்ப்பது தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அங்கே நீங்கள் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்குச் சேர வேண்டியதல்ல. நான் உங்களுக்குக் குழி வெட்டினேன், நீங்கள் அதைத் தாண்டிப் போனீர்கள், அவ்வளவுதான்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. நீங்கள் பட்டம் வாங்கினால் எரியும். வாங்காவிட்டால் அதைவிட எரியும்.

உமையாள் கேட்டாள், “அத்தைக்கு எங்கிட்ட ஏதும் கோபமா?” என்று. “உங்கிட்ட இல்ல” என்றேன்.

எழுதுங்கள். நாலு வரியாவது.

பெத்தாச்சி


சிவமயம்

அண்ணாமலைநகர்
19-4-1970

அன்புள்ள பெத்தாச்சிக்கும் உமையாளுக்கும் ஆசிகள். உடம்பு சுகம். கண்ணுக்குக் கீழே கறுத்தது தூக்கமில்லாததால், இப்போது பரவாயில்லை. உமையாள், உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இனி வருவது உன் புருஷனுக்கு. படித்தாலும் பாதகமில்லை, அவன்தான் உங்கள் வீட்டிலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டானே.

பெத்தாச்சி, உன் பிப்ரவரிக் கடிதத்துக்கு ஐந்து தடவை பதில் எழுதினேன். ஐந்தையும் கிழித்தேன். திட்டவா வேண்டாமா என்பதல்ல காரணம். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

என் பன்னிரண்டாவது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பதினைந்தில் கல்யாணம். இருபத்தொன்பதில் இந்த வெள்ளைச் சேலை. அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து மெட்ரிக் எழுதி, உன்னோடு பி.யு.சி.க்கு வந்து சேர்ந்தேன். உனக்கு மேஜை இருந்தது, சைக்கிள் இருந்தது, “படிடா, படிடா” என்று சொல்ல வீடு நிறைய ஆள் இருந்தது. நீ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போவாய். நீ போனதும் அந்த மேஜையில் உட்கார்ந்து உன் நோட்டைப் படிப்பேன். பாதிக் கணக்குகளை நீ போட்டிருக்கவே மாட்டாய். வெறும் தாளாக விட்டிருப்பாய். அந்த வெறும் தாளைப் பார்க்கும்போது என் வயிறு எரிந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளை மேல் எரிந்தது. எனக்கு ஒருவரும் தராததை எல்லாம் உனக்குத் தந்தார்கள், நீ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பேப்பர் வந்த அன்று என் எண்ணைப் பார்த்தேன். உன் எண்ணைத் தேடினேன். இல்லை. அது இல்லை என்று தெரிந்த அந்தக் கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அழுதேன். உனக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். அடுத்த தடவை எழுதலாம் என்று தலையைத் தடவினேன். ஆனால் அந்த ஒரு கணம் இருந்தது. டிப்ளமா முடியும்வரை மூன்று வருஷம் நான் வீட்டில் இருந்தது உனக்கு ஆக்கிப் போட என்று ஊர் சொன்னது, நீயும் அப்படித்தான் நினைத்தாய். அது நான் எனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை. வலையபட்டியில் அத்தனை பேர் கேட்க நீ ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்ட வார்த்தையை நான் ஆறு வருஷமாக வைரவர் சன்னதியில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

சித்தப்பா இரண்டு தேதியையும் எழுதியபோது தை போதும் என்று ஒரு வரி நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ எதை எடுப்பாய் என்று பார்க்க நினைத்தேன். நீ என்னைப்போலத்தான் இருக்கிறாயா என்று பார்க்க நினைத்தேன். இருக்கிறாய்.

கதவும் பரீட்சை ஹாலும் ஒன்றுதான் என்று ஜனவரியில் எழுதினேனே, அது வீம்பு. பத்து மணிக்கு வினாத்தாளைக் கொடுத்தார்கள். பத்தரை வரை என் எண்ணை எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. மேளம் இல்லாமல் எப்போது முடிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்தரை அடித்த பிறகுதான் பேனா ஓடியது. எட்டுக் கேள்வியில் ஆறு எழுதினேன், ஐந்து சரி. தேறுவேன் என்று நினைக்கிறேன், முதல் வகுப்பு வருவது சந்தேகம். வராவிட்டால் அந்த அரை மணி நேரம் உன்னுடையது. அதை நீ வைத்துக்கொள், நான் திருப்பிக் கேட்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. இந்த மூன்று வருஷத்தில் நீ ஒரு தடவையும் இங்கே வரவில்லை. வரமாட்டாய் என்று மெய்யம்மை சொல்வாள். நானும் உன்னைக் கூப்பிடவில்லை என்பதை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை. இந்த இடம் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மே பத்தாம் தேதி விடுதியைப் பூட்டுகிறார்கள். பெட்டி இரண்டு, புத்தக மூட்டை ஒன்று, என்னால் தூக்க முடியாது. லீவு சொல்லிவிட்டு வா. உமையாளையும் அழைத்து வா. கேட்டில் நின்று ஆள் அனுப்பாதே. உள்ளே வா. வகுப்பு, லைப்ரரி, எல்லாவற்றையும் உனக்குக் காட்டிவிட்டுப் பிறகு கிளம்பலாம்.

உன் ஆத்தா
சிட்டாள்